கடனைத் தவணையில் தீர்ப்பதா, மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பதா?

தையல் பிரித்து, மாத்திரைச் சீட்டைப் பெற்று வீடு திரும்பும் நாளில் எங்கள் நோயாளர் உதவிப் பிரிவுக்கு வரும் குடும்பத்தார், அடுத்த பரிசோதனை எந்நாள், உணவில் எதைத் தவிர்க்க வேண்டும் என்பவற்றையே முதலில் கேட்பர். எழுந்து செல்லும் முன் சிலர் குரலைத் தாழ்த்தி வேறொன்றையும் கேட்பர்: “வைத்தியத்துக்கு வாங்கிய கடனை எப்படிக் கட்டுவதென்றே தெரியவில்லை. பேசாமல் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடலாமா?”

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் மஞ்சள் நோட்டீஸ் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. கடனைத் தீர்க்க இயலவில்லை என்று நீதிமன்றத்தில் மனுச் செய்வதையே அவ்வாறு சொல்கிறோம். சிலர் ஐ.பி. என்பர், சட்ட வழக்கில் அது நொடிப்பு மனு. வாக்கும் நாணயமும் கொண்டே தறியும் பட்டறையும் தோப்பும் நடக்கும் இம்மண்ணில் அச்சொல்லைக் கேட்டாலே சிலர் கூசுகின்றனர். வேறு சிலரோ, மனுப் போட்ட மறுநாளே எல்லாக் கடனும் ஒழிந்துவிடும் என்று நம்புகின்றனர். கூச்சத்தாலோ தவறான நம்பிக்கையாலோ எடுக்கும் முடிவு குடும்பத்தைப் பல ஆண்டுகள் வருத்தும். எவ்வகைக் கடனுக்கு எவ்வழி பொருந்தும் என்பதைக் கணக்குப் போட்டுத் தெளிவதற்கே இக்கட்டுரை.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

எல்லாக் கடனும் ஒரே தன்மையுடையதன்று. யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, என்ன ஈடு, யார் ஜாமீன் என ஐந்து பத்திகள் போட்டு ஒவ்வொரு கடனையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவை மூன்று வகையாகப் பிரிவதைக் காண்பீர்கள்.

முதல் வகை, ஈடு வைத்த கடன். வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கியது, நகைக் கடன், தறிக்கும் வண்டிக்கும் வாங்கியது ஆகியவை இதில் அடங்கும். கடன் நின்றால் ஈட்டுப் பொருளின் மீது கடன் கொடுத்தவருக்கு முதல் உரிமை உண்டு. இரண்டாம் வகை, ஈடில்லாக் கடன். தனிநபர் கடன், கடன் அட்டை, புரோநோட்டில் வாங்கிய பணம், உறவினரிடம் பெற்ற கைமாற்று, மருத்துவமனைப் பாக்கி ஆகியவை இவை. மூன்றாம் வகை, வேறொருவர் ஜாமீன் கையொப்பமிட்ட கடன். எடுத்துவிட்ட ஏலச்சீட்டுக்கு நண்பர் போட்ட கையொப்பமும் இதில் சேரும். இந்த மூன்றாம் வகையே பின்னால் மிகுந்த மனத்தாங்கலை உண்டாக்குவது. ஆதலால் அதைத் தனியே வட்டமிட்டு வையுங்கள்.

எங்கள் மருத்துவமனைக்குத் தர வேண்டிய பாக்கியையும் அத்தாளில் எழுதுங்கள். பாக்கி இருக்கிறதே என்று மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடும் நோயாளிகளை நாங்கள் அறிவோம். அவ்வாறு செய்ய வேண்டா. கணக்குப் பிரிவில் தவணை கேட்பது குற்றமாகாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்குத் தகுதி இருந்தும் பெறாதவர்கள், அடுத்த கட்டச் சிகிச்சைக்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள அத்திட்டப் பிரிவில் பதிவு செய்துகொள்ளுங்கள். புதிய கடன் சேராமல் காப்பது பழைய கடனைத் தீர்ப்பதன் முதற்படி.

கடன் யாரைச் சேரும்?

“அப்பா வாங்கிய கடனை மகன்தான் கட்ட வேண்டும்” என்று சொல்லி, மகனிடம் புதிய புரோநோட்டில் கையொப்பம் வாங்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்துக்குப் பின் தந்தை வாங்கிய கடனை, மகன் என்ற ஒரே காரணத்துக்காக மகனிடம் வசூலிக்க நீதிமன்றம் ஆணையிடாது. கடன்பட்டவர் இறந்துவிட்டால் அவர் விட்டுச்சென்ற சொத்து வாரிசுகளின் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்கே அவர்கள் பொறுப்பாவர். ஆனால் மகனோ மனைவியோ ஜாமீனாகவோ இணைக் கடனாளியாகவோ கையொப்பமிட்டிருந்தால் அந்தக் கையொப்பம் அவரைக் கட்டுப்படுத்தும். நோயாளி படுக்கையில் இருக்கும்போது எவர் நீட்டிய தாளிலும் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டா.

புரோநோட்டுக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு 3 ஆண்டு. அதற்குள் சிறு தொகை கொடுத்து, நோட்டின் பின்புறம் வரவு எழுதிக் கையொப்பமிட்டால் அன்றிலிருந்து மீண்டும் 3 ஆண்டு தொடங்கும். இதை அறிந்தே எதையும் எழுதிக் கொடுங்கள்.

முதல் வழி: பேசித் தீர்ப்பது

குடும்பச் செலவும் மருந்துச் செலவும் போக மாதந்தோறும் ஏதேனும் மிஞ்சுமானால் இவ்வழியை முதலில் முயலலாம்.

வங்கிக் கடனில் தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றால் அது வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். ஈடு வைத்த கடனாயின், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்பு வரும். அதன் பின் வங்கி சொத்தைக் கைக்கொள்ள முற்படலாம். விவசாய நிலத்துக்கு அச்சட்டம் பொருந்தாது. அங்கு வங்கி வேறு சட்ட வழிகளையே நாட வேண்டும். ஆகவே 90 நாள் ஆகும் முன்பே கிளை மேலாளரைச் சென்று காணுங்கள். சிகிச்சைச் சுருக்கத்தையும் கட்டணச் சீட்டுகளையும் இணைத்து, தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சான்று இராது. கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரை பெறுங்கள்.

கடன் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தால் ஒரேமுறைத் தீர்வு கேட்கலாம். நிலுவையில் ஒரு பகுதியைத் தள்ளி, மீதியை ஒரேயடியாகவோ சில தவணைகளிலோ வங்கி பெற்றுக்கொள்வது அது. இத்தகைய சமரசத் தீர்வுக்கான நெறிமுறையை ரிசர்வ் வங்கி 2023 ஜூன் மாதத்தில் வெளியிட்டுள்ளது. எனினும் தள்ளுபடி தருவது வங்கியின் விருப்பம். அதை உரிமையாகக் கோர இயலாது. அவ்வாறு முடிந்த கடன், முழுதும் கட்டி முடித்த கடனாக அன்றி, சமரசத்தில் தீர்ந்த கடனாகவே சிபில் போன்ற கடன் பதிவுகளில் நிற்கும். பின்னர்க் கடன் கேட்கும்போது அது தடையாகலாம். பணம் கட்டும் முன் தீர்வுக் கடிதத்தையும், கட்டி முடித்த பின் நிலுவையில்லாச் சான்றையும் பெறாமல் விடாதீர்கள்.

தனியாரிடம் வாங்கிய கடனுக்கு ஊர்ப் பெரியவர் முன்னிலையில் பேசி முடிக்கும் வழக்கம் நம்மிடம் உள்ளது. பேசியதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்: வட்டி எந்நாளோடு நிற்கிறது, அசல் எத்தனை தவணை, முடிந்ததும் புரோநோட்டும் காசோலைகளும் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பவை அதில் இருத்தல் வேண்டும். இன்னும் உறுதியான வழி மக்கள் நீதிமன்றம். வழக்குப் பதியும் முன்னரே கூட அங்குப் பிணக்கைக் கொண்டு செல்லலாம். இரு தரப்பும் ஒப்பி எழுதும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன் மேல் மேல்முறையீடு இல்லை. அதே காரணத்தால், கட்ட இயலாத தவணைக்கு அங்கே தலையசைத்துவிடக் கூடாது.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியைத் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அரசு வரையறுத்த வட்டியை மீறிய கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ புகார் கொடுங்கள்.

இரண்டாம் வழி: நொடிப்பு மனு

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். அதில் தனிநபர்களுக்கான பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களைத் தவிர, மற்றவர்களுக்கு இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. எனவே கோவை வட்டாரத்தில் வாழும் சாதாரணக் கடனாளிக்குப் பொருந்துவது நூறாண்டு கடந்த 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே. சென்னை நகருக்கு மட்டும் 1909ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு.

கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து, அதைத் தீர்க்க இயலாதவர் எவரும் உரிய நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். எல்லாக் கடன்களையும், எல்லாக் கடன்கொடுத்தவர்களையும், எல்லாச் சொத்துகளையும் மனுவில் ஒளிக்காமல் எழுத வேண்டும். கடன்கொடுத்தவர்களுக்கு அறிவிப்புச் செல்லும், விசாரணை நடக்கும். நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்ததும் சொத்து நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் அலுவலரின் பொறுப்புக்குப் போகும். விற்று வந்த தொகை கடன்கொடுத்தவர்களுக்குப் பங்கிடப்படும். அதன் பின், நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விடுவிப்புக் கோரி மீண்டும் மனுச் செய்ய வேண்டும். விடுவிப்பு ஆணை வந்தால்தான் மிஞ்சிய கடன்கள் நீங்கும். முதல் மனுவோடு நிறுத்திவிட்டு விடுவிப்பைக் கோராதவரின் நொடிப்பு அறிவிப்பே நீக்கப்படலாம். கடன்கள் பழையபடி உயிர்பெறும்.

மனுவினால் கிடைக்கும் காப்பு சிறியதன்று. நொடித்தவர் என அறிவிக்கப்பட்ட பின், நீதிமன்ற அனுமதியின்றி ஈடில்லாக் கடன்காரர் புதிய வழக்குத் தொடர முடியாது. கைதிலிருந்து காக்கும் ஆணையையும் கேட்டுப் பெறலாம். உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க் கருவிகளும் உழவு மாடுகளும், உழவரோ தொழிலாளரோ குடியிருக்கும் வீடு, மரபுப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற அணி ஆகியவை உரிமையியல் நடைமுறைச் சட்டப்படி பறிமுதலுக்கு உட்படாதவை. நொடிப்பிலும் அவை கடனாளியிடமே நிற்கும். ஆனால் ஈடாக எழுதிக் கொடுத்த வீட்டுக்கு இக்காப்பு இல்லை.

மனு தீர்க்காதவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஈட்டுக்கடன் கொடுத்தவர் ஈட்டுப் பொருளை விற்கும் உரிமையை இழப்பதில்லை. ஜாமீன்தாரரின் பொறுப்பு நீங்குவதில்லை. உங்களுக்கு விடுவிப்புக் கிடைத்தாலும் அவரிடம் கேட்பர். அரசுக்குச் செலுத்த வேண்டியவையும், மோசடியால் பட்ட கடனும், நீதிமன்றம் ஆணையிட்ட பராமரிப்புத் தொகையும் அப்படியே நிற்கும். திரும்பிய காசோலைக்கான குற்ற வழக்கு, நொடிப்பு மனுவினால் மட்டும் நின்றுவிடாது. விடுவிப்புப் பெறும் முன், தம் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாய்க்குக் கடன் வாங்கினாலும் அது குற்றம். கடனுக்குச் சரக்கு எடுத்துத் தொழில் நடத்துவோர் இதை இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேசித் தீர்ப்பதும் மனுச் செய்வதும் ஒன்றையொன்று விலக்கும் வழிகளும் அல்ல. நொடித்தவர் என அறிவிக்கப்பட்ட பின்னரும், எண்ணிக்கையில் பெரும்பான்மையும் தொகையில் நான்கில் மூன்று பங்கும் கொண்ட கடன்கொடுத்தவர்கள் ஒப்பினால், நீதிமன்ற ஏற்போடு சமரசத் திட்டம் செய்துகொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

ஒரு கணக்கு

விளங்குவதற்காக நாங்களே அமைத்த ஓர் எடுத்துக்காட்டு இது. சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறிக்காரர் ஒருவர். மனைவிக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. வீட்டை ஈடு வைத்த வங்கிக் கடன் 6 லட்சம், ஆண்டு வட்டி 10 சதவீதம். நகைக் கடன் 1.5 லட்சம், அதுவும் 10 சதவீதம். நிதி நிறுவனத்தில் தனிநபர் கடன் 2 லட்சம், 24 சதவீதம். மைத்துனர் ஜாமீனில் புரோநோட்டுக் கடன் 4 லட்சம், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். மாதாந்தர வட்டி மட்டும் 18,250 ரூபாய். வருமானம் 35,000, குடும்பச் செலவு 18,000, மருந்து 5,000, மிச்சம் 12,000. வட்டிக்கே 6,250 குறைகிறது. இப்படியே விட்டால் கடன் வளருமே அன்றித் தேயாது.

நகையை மீட்டு 2.7 லட்சத்துக்கு விற்றால் நகைக் கடன் போக 1.2 லட்சம் கைக்கு வரும். அதைக் கொண்டு நிதி நிறுவனக் கடனை ஒரேமுறைத் தீர்வில் முடிக்க ஒப்புதல் கிடைக்கிறது எனக் கொள்வோம். புரோநோட்டுக்காரர் வட்டியை நிறுத்தி, அசலை மாதம் 5,000 வீதம் 80 மாதங்களில் பெற இசைகிறார். வங்கிக்கு மாதம் 7,000 எனக் காலம் நீட்டிக்கப்படுகிறது. புரோநோட்டுக் கடன் முடிந்ததும் 12,000 முழுவதும் வங்கிக்குப் போகும். ஏறத்தாழ 10 ஆண்டுகளில் கடன் முடியும். வீடும் தங்கும், மைத்துனரும் காக்கப்படுவார். நீண்ட காலம்தான், ஆயினும் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. இக்குடும்பத்துக்கு மஞ்சள் நோட்டீஸ் தேவையில்லை.

அதே வீட்டில் நோயுற்றவர் தறி ஓட்டுபவராகவே இருந்து, இனி அவரால் உழைக்க இயலாது என்றால் கணக்கு மாறும். மனைவியின் கூலி 14,000; செலவு 23,000. தவணைக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது. இந்நிலையில் தவணை எழுதிக் கொடுப்பது இன்னொரு கடன் வாங்கி இக்கடனைக் கட்டுவதாகவே முடியும். ஈட்டு வீட்டைத் தாமே நல்ல விலைக்கு விற்று வங்கியை முடிப்பது, மீதிக்கு நொடிப்பு மனுவைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்பது என்பதே எண்ணத்தக்க வழி. ஆனால் மைத்துனரிடம் மனுவுக்கு முன்பே உட்கார்ந்து பேச வேண்டும். அவர் வீட்டுக்கு அறிவிப்பு வந்த பின் அறிவது உறவையே அறுத்துவிடும்.

இரு கணக்குக்கும் உள்ள வேறுபாடு கடனின் பெருமையில் இல்லை. மாத முடிவில் உண்மையாக மிஞ்சும் தொகையில் இருக்கிறது. அத்தொகையைக் கணக்கிடும்போது மருந்தைக் குறைத்து எழுதாதீர்கள். மருந்தை நிறுத்திக் கட்டிய தவணை, அடுத்த சேர்க்கையின் கட்டணமாகப் பன்மடங்காகத் திரும்பி வருவதை இங்கே கண்டிருக்கிறோம்.

செய்யக் கூடாதவை

வீட்டை மகன் பெயருக்கோ உடன்பிறந்தார் பெயருக்கோ எழுதிவைத்துவிட்டு மனுச் செய்யலாம் எனச் சிலர் யோசனை கூறுவர். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் உரிய விலையின்றிச் செய்த மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். பிறரை விட்டு ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை தரும் எண்ணத்தோடு 3 மாதங்களுக்குள் கொடுத்த பணமும் அவ்வாறே. கணக்கை மறைப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

மருத்துவச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். சொத்தின் மதிப்பு ஈடில்லாக் கடனில் ரூபாய்க்கு 8 அணா அளவுக்கும் இல்லையெனில், தம் மேல் பழி சுமத்த முடியாத சூழலால் அந்நிலை வந்தது என்று கடனாளி காட்டினால் அன்றி, நீதிமன்றம் முழு விடுவிப்புத் தர மறுக்கும். நோயே காரணம் என்பதற்குச் சிகிச்சைச் சுருக்கமும் கட்டணச் சீட்டுகளும் சான்றாகும். தொலைத்தவர்களுக்கு எங்கள் பதிவேட்டுப் பிரிவில் நகல் கிடைக்கும்.

யாரிடம் கேட்பது?

கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தார், பழங்குடியினர், வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோருக்கு அங்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். நீங்கள் எழுதிய ஐந்து பத்தித் தாளை உடன் கொண்டு செல்லுங்கள். இக்கட்டுரை பொது விளக்கமே. உங்கள் ஆவணங்களைப் பார்த்த வழக்கறிஞரின் கருத்தே உங்களுக்கு உரியது.

நேர்மையான வறுமையால் கடன் கட்ட இயலாதவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இல், கொச்சி வங்கி தொடர்பான வழக்கில் தெளிவாக்கியது. பணம் இருந்தும் கட்ட மறுப்பவருக்கு அக்காப்பு இல்லை. கடன்பட்டவர் குற்றவாளி அல்லர். கடனை நினைந்து உறக்கம் கெட்டாலோ, உயிர் வாழ்வதே வீண் என்ற எண்ணம் எழுந்தாலோ, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்; எங்கள் மருத்துவரிடமும் சொல்லலாம். கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் இது பொருந்தும்.

அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது மருத்துவக் கோப்போடு அத்தாளையும் கொண்டு வாருங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லும் முன் கணக்கை ஒழுங்குபடுத்த எங்கள் உதவிப் பிரிவினர் உங்களோடு அமர்வர்.